இரண்டு டப்பா பெட்ரோல்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் ‘நலம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் விவரமாகவே கேட்கிறேன். இருமல் நின்றதா? வகுப்பெடுக்க மூன்று மாடி ஏறுகிறாயே, மூச்சு வாங்குகிறதா?

போனில் கேட்டால் சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். பெட்ரோலில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டா? இயற்பியல் பேராசிரியையாகப் பதில் சொல், அக்காவாக வேண்டாம்.

விஷயம் இதுதான். மழைக்காலம் முடிந்த கையோடு எங்கள் பல் லேப் முதலாளி பங்க்கை மாற்றினார். முன்பு மஞ்சள் போர்டு, இப்போது பச்சை போர்டு. டாக்டர்களிடம் பல் அச்சு வாங்கி வந்து லேபில் கொடுப்பது, செய்த பல்லைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது, இதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்கிறேன். அதே வண்டி, அதே தெருக்கள். லிட்டருக்கு ஐம்பது கொடுத்த வண்டி இப்போது நாற்பத்திரண்டுதான் கொடுக்கிறது. இன்னொரு வண்டி ஓட்டுகிற நெட்டையனுக்கு வழியில் இருப்பது மஞ்சள் போர்டுதான். அவன் அங்கேயே போடுகிறான். அவனுக்கு ஐம்பது குறையவில்லை.

முதலாளி என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். போன வாரத்திலிருந்து நான் பெட்ரோல் போடப் போகும்போது லேபில் கணக்கு எழுதுகிற அம்மா பின்னால் உட்கார்ந்து வருகிறார்.

‘பெட்ரோல் கம்பெனி மாறினால் மைலேஜ் மாறும்’ என்று உன் கல்லூரி லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதிக் கொடு. உன் பட்டத்தையெல்லாம் கீழே போடு, இடம் போதாவிட்டால் பின்பக்கமும் போடு.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது. மூச்சு வாங்குவது வயதுக்கு ஏற்ற அளவில்தான். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

பெட்ரோல் எந்தப் பலகையின் கீழ் விற்றாலும் ஏறத்தாழ ஒரே சரக்குதான். ஒரு லிட்டரை எரித்தால் வரும் ஆற்றலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். எத்தனால் கூடுதலாகக் கலந்திருந்தால் இன்னும் சற்றுக் குறையும். ஒவ்வொரு கம்பெனியும் சேர்க்கும் மருந்து, என்ஜினுக்குள் கரி படியாமல் பார்த்துக்கொள்ளும். அதன் பலனும் மெதுவாகத்தான் தெரியும். விளம்பரத்தில் வண்டி பறக்கும், அதற்கு அவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது நாற்பத்திரண்டாவதென்றால் நூற்றுக்குப் பதினாறு. பலகையின் நிறம் அவ்வளவு செய்யாது. கலப்படம் இருந்தால், அளவில் குறைத்தால், அது வேறு.

நெட்டையனோடு உன்னை ஒப்பிடுவதும் சரியில்லை. அவன் பங்க் வேறு, வண்டி வேறு, வழி வேறு. மூன்று மாறும்போது ஒன்றின்மேல் பழி போட முடியாது.

உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையை லெட்டர்ஹெட்டில் எழுதினால் அதற்கு மதிப்பு இருக்காது. முதலில் சோதித்துப் பார்ப்போம். சம்மதமென்றால் முறையை எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை உன் மருமகளிடம் படித்துக் காட்டினேன். “அத்தை கடுதாசி எழுதினாங்களா, இல்ல கேள்வித்தாள் திருத்தினாங்களா?” என்று கேட்டாள். எட்டாம் வகுப்புக்கு இவ்வளவு வாய் ஆகாது.

பங்க்கில் நடப்பதைக் கேள். கணக்கு அம்மா இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மீட்டர் முன்னால் நிற்பார். நேற்று பெட்ரோல் போடுகிற பையன், “ஜீரோ பாத்துக்கங்க” என்றான். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவன் என்னிடம் மெதுவாக, “யாருண்ணே இவங்க?” என்றான். “ஆடிட்டரு” என்றேன். “உனக்கா?” என்றான். “எனக்கேதான்.”

சிரிப்புக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அவர் மகன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டுப் பந்தியில் நின்றவன் நான்.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவினான், பிளக்கை மாற்றினான், டயரில் காற்றைச் சரிபார்த்தான். பின் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று மறுபடி மாற்றினான். மைலேஜ் அதே நாற்பத்திரண்டு.

உன் முறையை எழுது. செய்கிறேன்.

தம்பி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மருமகளிடம் சொல், அவள் எழுத்தில் பிழை இருந்தால் அதையும் திருத்துவேன்.

ஒரே மாதிரி இரண்டு டப்பா வாங்கு. ஒன்றில் மஞ்சள் பங்க் பெட்ரோல், இன்னொன்றில் பச்சை. வாங்குவதும் அடையாளம் வைப்பதும் உன் மனைவியின் வேலை. எது எது என்று உனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், உனக்குப் பிடிக்காத பெட்ரோலில் உன் கை தானாகவே ஆக்சிலரேட்டரை முறுக்கும். இது குற்றச்சாட்டு அல்ல, எல்லோருக்கும் அப்படித்தான்.

தொட்டியைக் காலி செய்துவிட்டு, ஒரே ஒரு லிட்டர் ஊற்று. அளக்க ஆய்வுக்கூடத்து அளவுசாடி ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன், உடைத்துவிடாதே. ரயில் பாதையை ஒட்டி ஒரு நேர்ச் சாலை இருப்பதாகச் சொல்வாயே, விடுமுறை நாள் காலையில் அங்கே ஒரே வேகத்தில் போய்வந்துகொண்டே இரு, வண்டி தானாக நிற்கும் வரை. நின்ற இடத்தில் மீட்டரைப் பார். பிறகு அடுத்த டப்பா. அடுத்த வாரம் வரிசையை மாற்றிச் செய். பின்னால் இன்னொரு வண்டியில் யாராவது வரட்டும். பெட்ரோல் தீர்ந்த வண்டியை நீ தனியாகத் தள்ள வேண்டாம்.

எல்லோரும் நலம் என்று எழுதுகிறாய். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதுவதில்லை.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். போதுமா?

சோதனை முடிந்தது. என் மனைவி இரண்டு டப்பாவின் கைப்பிடியிலும் தையல் நூலைக் கட்டிவிட்டு, எது எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சொன்னா அண்ணி என்னத் தொலைச்சுடுவாங்க” என்கிறாள். நெட்டையன் பின்னால் வந்தான். சாலையோரத்தில் மாடு மேய்க்கிறவர் ஒருவர், நாங்கள் போவதையும் வருவதையும் பார்த்துவிட்டு, “தம்பி, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்டார்.

சிவப்பு நூல் நாற்பத்திரண்டு. வெள்ளை நூல் நாற்பத்திரண்டரை. அடுத்த வாரம் மாற்றிச் செய்ததில் அந்த அரைகூட இடம் மாறிவிட்டது.

ஆக மஞ்சளும் பச்சையும் ஒன்றுதான். நீ சொன்னது சரி, நீ எப்போதும் சரி. இப்போது என் நிலைமை என்ன என்று பார். பெட்ரோல்மேல் பழி போட ஒரு வழி இருந்தது, அதை என் கையாலேயே அடைத்துக்கொண்டேன். முதலாளிக்கு இது தெரிந்தால் மிச்சம் இருப்பது நான் மட்டும்தான்.

அளவுசாடி பத்திரமாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ மனம் தளர்ந்திருக்கிறாய், புரிகிறது. ஆனால் இந்தச் சோதனை உனக்குச் சாதகமானது. அளந்து ஊற்றிய ஒரு லிட்டர், யாரும் எடுக்க வழியில்லாதபோதும் நாற்பத்திரண்டுதான் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் பெட்ரோல் எங்கும் திருட்டுப் போகவில்லை. வண்டியிலேயேதான் எதிலோ செலவாகிறது.

பெட்ரோலை மாற்றிப் பார்த்துவிட்டோம். மாற்றாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதே வண்டி, அதே சாலை, அதே டப்பா. நெட்டையனை ஓட்டச் சொல்.

அக்கா


மே 6

தம்பிக்கு,

நலம். பதில் இல்லை. வேலை அதிகமோ?

அக்கா


மே 14

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை எழுத மனம் வரவில்லை. நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது.

நீங்கள் சொன்னபடி நெட்டையன் ஓட்டினார். வெள்ளை நூல் டப்பாதான், நானே ஊற்றிக் கொடுத்தேன். ஐம்பத்தொன்று வந்தது. இவர் சிரித்துக்கொண்டு, “நெட்டையன் எலும்புக்கூடு, வெயிட்டே இல்ல” என்றார். உங்களுக்கு எழுதச் சொன்னேன். நாளைக்கு, நாளைக்கு என்கிறார்.

அடுத்த நாள் நெட்டையன் இவர் இல்லாத நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் பின்னாடியே நாலு தடவ போனேன்ல. அவரு வண்டியில பிரேக் லைட்டு அணையவே இல்ல. போற வழி பூரா செவப்பா எரிஞ்சுட்டே இருந்துச்சு. கால எடுங்கண்ணேன்னு கத்துனேன். எடுத்துட்டேன்டான்னாரு. எடுக்கல அண்ணி.” அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் வலது காலில் செருப்பில்லாமல் உள்ளே வந்தார். “ஒரு செருப்பு எங்கங்க?” என்றேன். “போட்டிருக்கேனே” என்றார். பிறகு குனிந்து பார்த்தார். வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. “லேப்லயே விட்டுட்டேன் போல” என்று சொல்லி மகளைப் பார்த்துச் சிரித்தார். காலில் சரளைக்கல் குத்தி ரத்தம் வந்திருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. அட்டை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

நான் கேட்டால் விளையாட்டாக்கிவிடுகிறார். நீங்கள் கேளுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் பிரேக் கட்டையை மறுபடி மாற்றியதாக மார்ச்சில் எழுதியிருந்தாய். அந்த வரியை அப்போது நான் தாண்டிப் போய்விட்டேன். கட்டை அவ்வளவு சீக்கிரம் தேய வேண்டுமென்றால் பிரேக் எந்நேரமும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்தபடி ஓடினால் என்ஜின் அதையும் சேர்த்து இழுக்கும். குறைகிற எட்டு கிலோமீட்டரும் பின்சக்கரத்தைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது.

ஒன்று செய். ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் டிரம்மைத் தொட்டுப் பார். கையால்.

சூடாக இருந்தால், கட்டையை அமுக்குவது பெடல். பெடல் வலது காலின் கீழே இருக்கிறது. கால் அதன்மேல் இருப்பது உனக்குத் தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி. தெரியவில்லையென்றால் அதைக் கேட்க வேண்டிய ஆள் மெக்கானிக் இல்லை, டாக்டர்.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே ஒருவருக்கும் இருமல்கூட இல்லை.

எல்லாம் நீயாகவே யோசித்ததுபோல எழுதியிருக்கிறாய். வீட்டில் ஒரு தபால் உறை குறைந்ததை நானும் கவனித்தேன். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிரம் சூடாகத்தான் இருக்கிறது. கால் கொஞ்சம் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்தால் யாருக்கும் மரக்கும். ஒரு சிட்டிகை கவனம் வைத்தால் சரியாகிவிடும்.

அக்கா, நான் டாக்டரிடம் போனால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வண்டியைத் தொடாதே என்பார். அப்புறம் நான் என்ன செய்வேன்? லேபுக்குள் ஜன்னல் இல்லாத அறையில் பல் அச்சுக்குப் பிளாஸ்டர் குழைக்க வேண்டியதுதான். இன்றைக்கு எந்த டாக்டர் வாசலில் போய் நின்றாலும், “வந்துட்டான்யா பல்லுக்காரன்” என்று உள்ளேயிருந்து குரல் வரும். இந்த ஊரில் எந்தச் சந்து எங்கே திறக்கும் என்பது முதலாளியைவிட எனக்குத்தான் தெரியும். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அதனால் கேட்கிறேன். ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. ‘பெட்ரோல் கம்பெனி மாறினால் மைலேஜில் வித்தியாசம் வர வாய்ப்புண்டு.’ பொய்கூட இல்லை. ஒன்றிரண்டு சதவீதம் மாறும் என்று நீயே எழுதியிருக்கிறாய். முதலாளி சதவீதமெல்லாம் கேட்க மாட்டார். லெட்டர்ஹெட்டைப் பார்த்தாலே போதும், பங்க்கை மாற்றுவார், கணக்கு அம்மா தன் நாற்காலிக்குத் திரும்பிப் போவார். காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


ஜூன் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

நீ கேட்கும் வரி பொய் அல்ல. பொய்யாக இருந்திருந்தால் உனக்காக எழுதியிருப்பேனோ என்னவோ. அது உண்மை, அதை வைத்து ஒருவரை ஏமாற்றவும் முடியும். அந்த மாதிரி வரியை என்னால் எழுத முடியாது.

வேறொரு கடிதம் எழுதி, இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். உன் முதலாளிக்கு. அளந்து ஊற்றிச் செய்த சோதனையில் பெட்ரோல் எதுவும் காணாமல் போகவில்லை, பங்க் எதுவானாலும் ஒன்றுதான், வண்டியிலும் கோளாறில்லை, வித்தியாசம் ஓட்டும்போது பின் பிரேக் பிடித்திருப்பதால் வருகிறது. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஏன் பிடித்திருக்கிறது என்று நான் எழுதவில்லை. அது உன் கால், அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. கடிதத்தைக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம்.

கவனம் வைத்தால் சரியாகும் என்கிறாய். தெரியாத ஒன்றின்மேல் கவனத்தை எப்படி வைப்பாய்? இப்போது உன் கால் பெடலின்மேல் இருக்கிறது, நீ இல்லை என்று நினைக்கிறாய். ஒரு நாள் இது மாறிப்போகும். குறுக்கே யாரோ ஓடுவார்கள். பிரேக்கை அழுத்திவிட்டதாக நீ நினைப்பாய். கால் அங்கே இருக்காது.

நான் கிளம்பி வருகிறேன் என்று எழுதலாம். வந்தால் இரண்டு நாளும் என்னைச் சிரிக்கவைத்து, மூன்றாம் நாள் பஸ் ஏற்றிவிடுவாய். எனக்கு அது தெரியும். வரட்டுமா என்று மட்டும் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று தொடங்கினால் நீ முறைப்பாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பத்து நாளைக்குமேல் பெட்டியில் பல் அச்சுகளோடு வைத்துக்கொண்டு சுற்றினேன். பிறகு கொடுத்தேன். முதலாளி இரண்டு முறை படித்தார். “பிரேக்கா?” என்றார். “காலு, மொதலாளி” என்றேன். “பெட்ரோல நான் எடுக்கல. என் காலு குடிச்சிருக்கு.” அவர் வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கணக்கு அம்மாவைக் கூப்பிட்டு, “இனிமே பங்க்குக்கு நீங்க போக வேணாம்” என்றார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல், “என் இடுப்புக்கும் அதுதான் நல்லது” என்றார். மறுநாள் என் மேசையில் டீ வைத்துவிட்டு நின்றார். டீயைக் குடித்தேன்.

ஆமாம், இப்போது எனக்கு மேசை இருக்கிறது. வண்டிச் சாவியை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் முதலாளி முன்னால் வைத்தேன். வைத்த பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. புதுப் பையன் வருகிற வரைக்கும் நெட்டையன் இரண்டு வழியையும் ஓட்டுகிறான். எந்தச் சந்து எங்கே திறக்கும் என்று போனில் நான் சொல்கிறேன், அவன் தப்பாகத் திரும்புகிறான், திட்டுகிறேன். அறையில் ஜன்னல் இல்லை. பிளாஸ்டர் குழைப்பது நான் நினைத்ததைவிடக் கஷ்டம்; சீக்கிரம் இறுகிப்போகிறது, பேச்சுக்கு நேரமே தருவதில்லை.

நீ கேட்டது இதையெல்லாம் அல்ல என்று தெரியும். அதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

டாக்டரிடம் போனேன். என் மனைவியும் வந்தாள், வெளியே உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. அவர் ஒரு இசைக்கவையை எடுத்தார். உன் ஆய்வுக்கூடத்தில் இருக்குமே, தட்டினால் ரீங்கரிக்கிற இரண்டு கிளை இரும்பு, அதுதான். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அதன் அடியை வலது கால் கட்டைவிரலில் வைத்தார்.

“அதிர்வு தெரியுதா?”

“தெரியுது டாக்டர். நல்லாவே தெரியுது.”

“நான் இன்னும் தட்டவே இல்லியே” என்றார்.

என் மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். சத்தமே வரவில்லை. பிறகு அவர் தட்டினார், தட்டியது காதில் கேட்டது. மறுபடி அதே விரலில் வைத்து, அதே கேள்வியைக் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்டில் உனக்கு விடுமுறை வருமே. வா.

தம்பி